கையெழுத்து, கைநாட்டு, கை நடுக்கம்

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் கரியாஹாட் கிளையில் கூட்டம் ரெண்டு மடங்கு. "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று பென்ஷன்காரர்கள் சான்றிதழ் தரவேண்டிய மாதம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தபிறகு விரலை வைத்தால் போதும், 2021-க்குப் பிறகு செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். ஆனாலும் தெற்குக் கல்கத்தாப் பெரியவர்கள் பாலிகஞ்சிலிருந்தும் டாக்குரியாவிலிருந்தும் நேரில்தான் வருவார்கள். உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, நீளமாக ஒரு கையெழுத்து. அதை கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. இந்த ஒப்பிடுதலைப் பல வருடம் செய்தால், படிக்காமலேயே பாதி நரம்பு டாக்டர் ஆகிவிடலாம் போலிருக்கிறது. (நான் பி.காம். கீழே எழுதுவது எதையும் வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரித்திரமாகப் படியுங்கள்.)

நடுங்கும் கையெழுத்தில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, எழுத எழுதச் சின்னதாகிக்கொண்டே போகும். "சட்டோபாத்யாய்" என்று பெரிதாக ஆரம்பித்து, முடியும்போது எறும்பு வரிசை ஆகிவிடும். இது பார்க்கின்சன் நோய்க்காரர்களுடையது. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் கை ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிறமாதிரி ஆடும், பேனாவை எடுத்தால் ஆட்டம் குறையும். இன்னொன்று இதற்கு நேர் எதிர். கை மடியில் கிடக்கும்வரை சாது. பேனாவையோ டீக் கோப்பையையோ தூக்கியவுடன் ஆட ஆரம்பிக்கும். எழுத்து சிறுக்காது, ரம்பப்பல் மாதிரி கோணல்மாணலாகப் போகும். டாக்டர்கள் இதற்கு எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் "காரணமற்ற நடுக்கம்" என்று சொல்லலாம். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். நம் ஊரில் "அவங்க குடும்பமே அப்படித்தான், கை கொஞ்சம் ஆடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இந்த இரண்டாவது ஜாதிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரு பெக் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் அல்ல, பாதிப் பேருக்கு மேல் என்று சொல்கிறார்கள்.

நான் இதை முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பெயர் வேண்டாம். அவருடைய செக்குகளில் பாதி அச்சுமாதிரி இருக்கும், பாதி திரும்பிப் போகவேண்டிய நிலையில் இருக்கும். ஒருநாள் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, "மேசோமஷாய், கையெழுத்து சிரமமாக இருந்தால் பெருவிரல் ரேகை வைக்கலாம், விதி இருக்கிறது" என்றேன். மனிதர் கொதித்துப் போய்விட்டார். "நாற்பது வருஷம் ஷேக்ஸ்பியர் நடத்தினவன் டிப்ஷோய் வைக்கணுமா?" டிப்ஷோய் என்றால் நம்ம கைநாட்டு. வங்காளியிலும் அந்த வார்த்தைக்கு அதே வாடைதான், படிக்காதவன் என்ற வாடை. கொஞ்சம் ஆறியபிறகு குரலைத் தாழ்த்தி அவரே சொன்னார். பேங்குக்கு வரும் நாளில் காலையில் சின்னதாக ரெண்டு போட்டுக்கொண்டு வருவாராம், அன்றைக்குக் கை சொன்ன பேச்சு கேட்குமாம். அவருடைய அப்பாவுக்கும் கை ஆடுமாம். ஏலக்காய் வாசனைக்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கையெழுத்துப் போடுவதற்காகக் குடிக்கும் ஒரு மனிதர். அதுவும் பகல் பதினொரு மணிக்கு. இதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மதுவுக்கும் நடுக்கத்துக்கும் உள்ள உறவில் கல்கத்தாவுக்குப் பழைய பங்கு உண்டு. பஞ்ச் என்ற பானத்தின் பெயர் ஐந்து என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, மசாலா, தண்ணீர் என ஐந்து சரக்கு. அந்தப் பெயர் எழுத்தில் முதலில் கிடைப்பது 1632-ல், கோரமண்டல் கரையில் பேட்டபோலியில் இருந்த கம்பெனி ஆட்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தில். அதாவது நம்ம பக்கம்! 1690-ல் ஜாப் சார்னாக் ஹூக்ளிக் கரையில் வந்து இறங்கிய பிறகு அந்தப் பழக்கமும் கூடவே இங்கே குடியேறியது. வங்காளச் சாராயம் கோவாச் சாராயத்தைவிடக் காரம் அதிகம் என்று அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துபோன ஓவிங்டன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். 18-ம் நூற்றாண்டில் லால்பஜார் பக்கம் முழுக்கப் பஞ்ச் கடைகள்தான். கப்பலை விட்டு இறங்கிய மாலுமியும் கோட்டையிலிருந்து வந்த சோல்ஜரும் சம்பளத்தை அங்கேதான் கரைத்தார்கள். இன்றைக்கு லால்பஜார் என்றால் போலீஸ் தலைமையகம். கடைகள் போய்விட்டன, கேஸ் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம் :-)

இப்படிக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தாலோ, சிறையில் போட்டாலோ, கப்பலில் சரக்கு தீர்ந்தாலோ, குடி தானாகவே நின்றுபோகும். இரண்டு மூன்று நாளில் உடம்பு முழுக்க நடுக்கம், வியர்வை, தூக்கமில்லை, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பிதற்றல். 1813-ல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு டெலீரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்தார். "நடுக்கப் பிதற்றல்" என்று பொருள். அதுவரை இதை மூளைக்காய்ச்சல் என்று நினைத்து ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் வடித்தால் சாகிறான், அபின் கொடுத்துத் தூங்கவைத்தால் பிழைக்கிறான் என்று சட்டன் சொன்னார். வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு இதில் ஒரு கணக்குத் தெரிகிறது. அந்த அபினை ஏகபோகமாக வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஏலம் போட்டது கம்பெனி, ஏலம் நடந்தது இதே கல்கத்தாவில். சோல்ஜருக்குச் சாராயம் வினியோகித்ததும் கம்பெனிதான். நோய், மருந்து இரண்டும் ஒரே பேரேட்டில்.

நாலு வருடம் கழித்து, 1817-ல், லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிய சின்னப் புத்தகத்தை வெளியிட்டார். ஆறே ஆறு நோயாளிகள், அதிலும் சிலர் தெருவில் போகும்போது பார்த்தவர்கள்தான். அந்தப் புத்தகத்திலேயே குடியால் வரும் நடுக்கம், டீ காபியால் வரும் நடுக்கம், வயதான நடுக்கம் இவை எல்லாம் வேறு, நான் சொல்வது வேறு என்று பிரித்துவிடுகிறார். குடித்து வரும் நடுக்கம் அவருக்குத் தெரியும். குடித்தால் நிற்கும் நடுக்கம் பற்றிப் பேச்சு இல்லை. "எசென்ஷியல்" என்ற பெயரை 1874-ல் பியெத்ரோ புர்ரேசி என்ற இத்தாலியர் பயன்படுத்தினார். 1949-ல் லண்டன் நரம்பியல் மருத்துவர் மக்டொனால்ட் கிரிட்ச்லி குடும்பத்தில் ஓடும் நடுக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதை ஒழுங்காக வகைப்படுத்தியது.

சட்டனுக்குப் பிறகு 140 வருடம் ஒரு சண்டை ஓய்வில்லாமல் நடந்தது. நடுக்கப் பிதற்றல் குடியால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா? "குடியின் விஷம்தான் காரணம், உடனே நிறுத்து" என்று ஒரு கட்சி. "நிறுத்தினால்தான் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறை" என்று இன்னொரு கட்சி. "சரியாகச் சாப்பிடாததுதான் காரணம்" என்று மூன்றாவது கட்சி. 1955-ல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு ஒரு சோதனை செய்தது. மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீண்ட பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடு, வைட்டமின் எல்லாம் கொடுத்துவிட்டு, வாரக்கணக்கில் சாராயம் ஊற்றிக்கொடுத்தார்கள். சிலருக்கு 48 நாளுக்கு மேல், அதிகபட்சம் 87 நாள். பிறகு ஒரே நாளில் நிறுத்தினார்கள். நீண்ட நாள் குடித்தவர்கள் எல்லாரும் நடுங்கினார்கள், சிலருக்கு வலிப்பு, சிலருக்கு முழுப் பிதற்றல். சாப்பாட்டுக் கட்சியும் விஷக் கட்சியும் தோற்றன. இன்றைக்கு எந்த நன்னெறிக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. தரவும் கூடாது. ஆனால் நாம் இன்று தெரிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்தப் பத்துப் பேர் உடம்பில் எழுதப்பட்டதுதான்.

காரணத்தை என் பாஷையில் சொல்கிறேன். மூளையில் ஆக்சிலேட்டர் ரசாயனம் ஒன்று, பிரேக் ரசாயனம் ஒன்று. பிரேக்குக்குப் பெயர் காபா. மது பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. "பிரேக் எப்போதும் அழுத்தியே இருக்கிறதே" என்று தன் பக்கப் பிரேக்கைக் குறைத்து, ஆக்சிலேட்டரைக் கூட்டிவிடுகிறது. வரவு செலவு சமன். ஒருநாள் மது வரவில்லையென்றால் பிரேக்கே இல்லாத வண்டி, ஆக்சிலேட்டர் அழுத்தியபடி. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்தில் கை ஆட ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். பிதற்றல் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள்.

தமிழ்நாட்டில் இந்த மணிக்கணக்கை டாஸ்மாக் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானதும் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10-லிருந்து பகல் 12-க்கு மாற்றினார். இரவு 10 மணிக்குக் கடை மூடும்போது கடைசியாகக் குடித்தவனுக்கு விடிகாலை நாலு, ஐந்துக்கெல்லாம் நடுக்கம் தொடங்கிவிடும். பகல் 12 வரை அவன் என்ன செய்வான்? "ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்று காலையிலேயே கூடுதல் விலைக்குக் கள்ளத்தனமாக விற்பவரைத் தேடிப் போகிறான். அவன் சந்தோஷத்துக்குக் குடிக்கவில்லை, தாலி கட்டும்போதோ சாந்து பூசும்போதோ கை ஆடக்கூடாதே என்று குடிக்கிறான். ஊரில் இவனைப் பார்த்து "விடிஞ்சதும் ஆரம்பிச்சுட்டான்" என்று சிரிப்பது எனக்கு இப்போதெல்லாம் பிடிப்பதில்லை.

என் பேராசிரியருடைய நடுக்கம் இதிலிருந்து வேறு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். குடிகாரன் நடுக்கம் குடியை நிறுத்துவதால் வருவது. அவருடையது குடி வாழ்க்கையில் நுழைவதற்கு முன்பே இருந்தது. பார்ப்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இருவருமே ஒரு பெக் போட்டால் கை நிற்கும். அதனால் எத்தனையோ குடும்பங்களில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத தாத்தாவுக்குக் குடிகாரப் பட்டம் கிடைத்திருக்கும்.

1975-ல் அமெரிக்காவில் குரோடன் என்பவரும் சகாக்களும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். எசென்ஷியல் நடுக்கக்காரர்களுக்கு வாய்வழியாகக் கொஞ்சம் மது கொடுத்தபோது நடுக்கம் சட்டென்று குறைந்தது. அதே மதுவை ஆடும் கையின் ரத்தக்குழாயில் நேரடியாகச் செலுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மது வேலை செய்யும் இடம் கையல்ல, மூளை. 1990-களில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இவர்களுக்குச் சிறுமூளை அளவுக்கு மீறி உழைப்பதும், மது அதை அடக்குவதும் தெரிந்தது. இந்தச் சலுகை சில மணி நேரம்தான். இறங்கும்போது நடுக்கம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திரும்பி வரும். அதை அடக்க இன்னொன்று. இங்கேதான் ஒரு ஜாதி நடுக்கம் இன்னொரு ஜாதிக்குள் நுழையும் கதவு இருக்கிறது. கையெழுத்துக்காகக் குடித்தவர், சில வருடத்தில் குடிக்காவிட்டால் நடுங்குபவராகவும் ஆகலாம். கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் இது எனக்குச் சுலபமாகப் புரிகிறது.

வங்காளப் படிப்பாளிகள் வட்டத்தில் குடி எப்படி நுழைந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஹிந்து காலேஜ் இளைஞர்களுக்குப் பிராந்தி என்பது முன்னேற்றத்தின் அடையாளம். அதிலே தலையாய பெயர் மைக்கேல் மதுசூதன் தத். அவர் 1848 முதல் 1856 வரை நம்ம மெட்ராஸில் இருந்தவர் என்பது இங்கே பல வங்காளிகளுக்கே மறந்துவிட்டது. அநாதைப் பள்ளியில் வாத்தியார் வேலை, பத்திரிகை வேலை, கல்யாணம், முதல் ஆங்கிலக் கவிதைப் புத்தகம் எல்லாமே மெட்ராஸில்தான். திரும்பி வந்து, குடித்துக் கூத்தடிக்கும் இளைஞர்களைக் கிண்டல் செய்து 1860-ல் "ஏகேயி கி போலே ஸப்யதா" (இதற்குத்தான் நாகரிகம் என்று பெயரா) என்ற நாடகம் எழுதியவரும் அவரேதான். 1866-ல் தீனபந்து மித்ரா எழுதிய "ஸதபார் ஏகாதஷி" நாடகத்தின் குடிகாரக் கதாநாயகன் நிம்சாந்த் அவரைப் பார்த்து எழுதியது என்பார்கள். 1873-ல் 49 வயதில் கடனிலும் நோயிலும் செத்துப்போனார். லோயர் சர்குலர் ரோடு கல்லறையில் இருக்கிறார். கரியாஹாட்டிலிருந்து டிராம் ஓடிய காலத்தில் அந்தப் பக்கமாகப் போகலாம். பியாரி சரண் சர்க்கார் என்ற கல்வியாளர் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியதும் 1860-களில் இதே ஊரில்தான்.

கைநாட்டுக்கு வருகிறேன். மேசோமஷாய் கேவலம் என்று தள்ளிய அந்த ரேகைக்கு உலக அளவில் பிறந்த வீடு வங்காளம். 1858-ல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ரோடு போடும் சரக்குக்காக ராஜ்யதர் கோனாய் என்ற காண்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எழுதினார். பின்னால் "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லிவிடக்கூடாதே என்று, மையில் முக்கிய முழு உள்ளங்கையைக் காகிதத்தின் பின்னால் பதிக்கவைத்தார். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட் ஆனபோது பென்ஷன்காரர்களிடம் விரல் ரேகை வாங்க ஆரம்பித்தார். செத்துப்போனவர் பெயரில் வேறு யாரும் பென்ஷன் வாங்கிவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். ஜீவன் பிரமாணின் தாத்தா! 1897-ல் உலகத்தின் முதல் விரல்ரேகை அலுவலகம் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை எட்வர்ட் ஹென்றி பெயரால் அழைக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உள்ளூர் அதிகாரிகள்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். கையெழுத்தை யாரும் பொய்யாகப் போடலாம் என்ற பயத்தில் வந்ததுதான் ரேகை, படிக்காதவனுக்காக மட்டும் வந்ததல்ல என்று. அஜிஸுல் ஹக் கதையை ரசித்துக் கேட்டார். ரேகை மட்டும் வைக்கவில்லை.

விதி என்னவோ தாராளமானதுதான். வயதானவர், நோயாளி, கை வேலை செய்யாதவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க, கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்தால் போதும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. ரேகையும் முடியாவிட்டால் ஒரு குறி போட்டால்கூடப் போதும். சட்டத்தின் மறுபக்கம்தான் கடுமை. 2012-ல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்து பொருந்தவில்லை என்று செக் திரும்பினாலும் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது. ஏமாற்றுக்காரர்கள் வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடுவதைத் தடுக்க வந்த தீர்ப்பு. நோட்டீஸ் வந்து 15 நாளில் பணத்தைக் கட்டிவிட்டால் பிரச்னை இல்லை. ஆனாலும் நடுங்கும் கைக்காரருக்குக் கோர்ட் என்ற வார்த்தையே போதும், இன்னும் நடுங்கும்.

அவர் கடைசியில் மகளோடு ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் செய்த சோதனை எங்கள் கவுன்டர் வேலையைப் போலவேதான் இருந்ததாம். காகிதத்தில் நத்தைச் சுருள் வரையச் சொல்லி, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, "குடித்தால் குறைகிறதா?" என்று தயங்காமல் கேட்டாராம். மகள் முன்னால் ஆமாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! ப்ரொப்ரனலால் எழுதிக் கொடுத்தார். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்காகக் கண்டுபிடித்த மாத்திரை அது, அவருக்கு 1988-ல் நோபல் கிடைத்தது. நடுக்கத்துக்கும் உதவுகிறது என்பது 1970-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இன்னொரு மருந்து ப்ரிமிடோன், வலிப்புக்கானது. இரண்டும் நோயை ஒழிப்பதில்லை, கையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், அவ்வளவே. அவருடைய கையெழுத்து இப்போது பழைய அழகில் இல்லை. ஆனால் எல்லா நாளும் ஒரேமாதிரி இருக்கிறது. புது மாதிரிக் கையெழுத்து வாங்கிப் பதிவுசெய்துவிட்டோம். வங்கிக்கு அழகு தேவையில்லை, ஒரேமாதிரி இருந்தால் போதும்.

பார்க்கின்சன்காரர்களுக்கு மது இந்த மாயத்தைச் செய்வதில்லை. அவர்களுக்கு உதவிய பொருள் லெவோடோபா. அதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1937-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். தொட்டால் அரித்துப் பிடுங்குமே, அதே பூனைக்காலி. ஆயுர்வேதத்தில் கம்பவாதத்துக்குப் பழக்கமான விதை. பார்க்கின்சனுக்கு அது உதவும் என்று அலோபதி உலகம் உறுதியாகத் தெரிந்துகொள்ள மேலும் முப்பது வருடம் ஆனது.

2020-க்கு வருவோம். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. மதுக்கடைகள் ஒரே நாளில் மூடின. லெக்சிங்டனில் பத்துப் பேருக்குச் செய்ததை நாட்டிலுள்ள குடிநோயாளிகள் அத்தனை பேருக்கும் முன்னறிவிப்பே இல்லாமல் செய்தமாதிரி ஆயிற்று. கேரளத்தில் தொடர்ந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. மார்ச் 30-ல் கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் எக்ஸைஸ் துறை மது தரலாம் என்று உத்தரவு போட்டது. டாக்டர்கள் கொதித்தார்கள். மது மருந்தல்ல, இந்த நடுக்கத்துக்கு க்ளோர்டயசெபாக்ஸைட் மாதிரி மாத்திரை இருக்கிறது, தயமின் ஊசி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார்கள். ஏப்ரல் 2-ல் உயர் நீதிமன்றம் உத்தரவை நிறுத்தி வைத்தது. என் கருத்து டாக்டர்கள் பக்கம்தான். சரியான சிகிச்சை கிடைத்தால் பிதற்றல் கண்டவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஆனால் பஸ் கூட ஓடாத அந்த வாரத்தில் எத்தனை பேரால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க முடியும் என்ற கேள்வியும் நியாயமானதுதான். மேற்கு வங்கத்தில் மே 4-ல் 30 சதவீதக் கூடுதல் வரியோடு கடை திறந்தார்கள். எங்கள் கிளை அரை நாள் இயங்கிக்கொண்டிருந்தது. பேங்கு வரிசையைவிட அந்த வரிசை நீளம். தமிழ்நாட்டில் மே 7-ல் திறந்து, மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, 15-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டு, 16-ல் மறுபடி திறந்தார்கள்.

கடைசியாக, இந்த ஊர்க்காரர்கள் அதிகம் பேச விரும்பாத ஒன்று. கரியாஹாட் ஃபுட்பாத்தில் கடை வைத்திருப்பவர்களிலும், இங்குள்ள வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் மாஷிகளிலும் ஏராளமானவர்கள் காலை லோக்கலில் தெற்கு 24 பர்கானாவிலிருந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்கள். அந்த டயமண்ட் ஹார்பர் லைனில் மக்ராஹாட் பக்கத்தில் ஷங்க்ராம்பூர் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். 2011 டிசம்பரில் ஸ்டேஷன் பக்கத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து 170-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலிக்காரர்கள், வண்டி ஓட்டுபவர்கள், தெரு வியாபாரிகள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரிக்கும். மூளையின் நடுவே அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் சிதைக்கும். அதனால் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போவதோடு, பார்க்கின்சன் மாதிரியே விறைப்பும் நடுக்கமும் தங்கிவிடும். இந்த நடுக்கம் எந்த பெக்குக்கும் அடங்காது. இதற்கு உடனடி முறிவு மருந்துகளில் ஒன்று நல்ல எத்தனால்தான், அதாவது சாதாரண மது. அதை ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்தால், ஈரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் விஷமாக மாறாமல் மெல்ல வெளியேறும். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் உண்டு, விலை அதிகம். நேரம் கடந்தால் இரண்டாலும் பயனில்லை. ஷங்க்ராம்பூரில் பலர் நேரம் கடந்துதான் வந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் இதே கதைதான், 65-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

ஷங்க்ராம்பூரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 2 லட்ச ரூபாய் அறிவித்தது. 2018-ல் அலிப்பூர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த லைனில் லோக்கல் இப்போதும் விடிகாலையிலிருந்தே நிரம்பி வழிந்துகொண்டுதான் வருகிறது.